மண்டையைத் திறக்காமல் ரத்தக்கட்டியை எடுப்பது: 3 மில்லிமீட்டர் ஊசி எதைச் சாதிக்கும், எதைச் சாதிக்காது

மூளையில் ரத்தக்கசிவு என்று சிடி ஸ்கேனில் தெரிந்ததும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "ஆபரேஷன் பண்ணிடலாமா டாக்டர்?" என்பதுதான். நேரான பதில் பெரும்பாலும் கிடைக்காது. "பண்ணலாம், ஆனா..." என்று இழுப்பார். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்று ஐசியு வாசலில் நிற்பவர்களுக்குத் தோன்றும். அந்த இழுவைக்குப் பின்னால் 60 ஆண்டுக்கும் மேலான குழப்பம் இருக்கிறது. ரத்தக்கட்டி மூளையை நசுக்குகிறது, எடுத்துவிட்டால் நோயாளி தேற வேண்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எடுத்துப் பார்த்தபோதோ பலமுறை அப்படி நடக்கவில்லை.

எந்த ரத்தக்கசிவு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தலையில் அடிபட்டு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில் தேங்கும் ரத்தம் வேறு. ரத்தக்குழாயில் ஏற்பட்ட வீக்கம் வெடித்து மூளையைச் சுற்றிப் பரவுவது வேறு. இங்கே முக்கியமாகப் பேசப்போவது, ரத்தக்கொதிப்பால் மூளையின் திசுவுக்குள்ளேயே குழாய் உடைந்து கட்டி உருவாவதைப் பற்றி. உலக அளவில் புதிதாக வரும் பக்கவாதங்களில் கால் பங்குக்கு மேல் இந்த வகை. மேற்கு நாடுகளில் இதன் பங்கு குறைவு, ஆசியாவில் அதிகம். சிகிச்சையின் வரலாறு போன திசையைப் புரிந்துகொள்ள இந்த வித்தியாசம் முக்கியம்.

மூளையின் அடியில் ஓடும் பெரிய தமனியிலிருந்து நூல் போன்ற குழாய்கள் கிட்டத்தட்ட செங்குத்தாகப் பிரிந்து உள்ளே போகின்றன. பெரிய குழாயின் அழுத்தம் அதிகம் குறையாமல் நேரே இவற்றின் மேல் இறங்குகிறது. வருடக்கணக்கில் பிபி கட்டுப்படாமல் இருந்தால் அவற்றின் சுவர் நைந்து, ஒருநாள் விட்டுக்கொடுக்கிறது. அவை ரத்தம் தரும் ஆழமான பகுதிக்கு பேசல் கேங்லியா என்று பெயர். கை கால்களுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்பு இழைகள் அதை ஒட்டித்தான் இறங்குகின்றன. அதனால்தான் ஒரு பக்கம் கையும் காலும் சட்டென்று விழுந்துவிடுகின்றன.

சேதம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் சில மணி நேரத்தில் கட்டி பெருத்து, பக்கத்துத் திசுவை நசுக்குகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் கட்டி வளர்கிறது. இரண்டாவது கட்டம் ரசாயனம். உறைந்த ரத்தத்திலிருந்து வரும் த்ராம்பின் என்ற உறைய வைக்கும் நொதியும், சிவப்பணுக்கள் உடைந்து வெளியேறும் இரும்பும் சுற்றியுள்ள மூளைக்கு விஷமாகி, நாட்கணக்கில் வீக்கத்தை ஏற்றுகின்றன. ஒரு மாதத்துக்குள் 10-ல் 4 பேர் இறந்துபோகும் நோய் இது. பிழைத்தவர்களிலும் பிறர் துணையின்றி நடமாடும் நிலைக்குத் திரும்புகிறவர்கள் குறைவு. இரண்டாவது கட்டத்தையாவது தடுக்க முடியுமா என்பதில்தான் அறுவை சிகிச்சையின் முழு நம்பிக்கையும் இருக்கிறது.

வழி செய்யும் சேதம்

1961-ல் லண்டனில் மெக்கிஸாக் என்ற நரம்பியல் அறுவை நிபுணரின் குழு 180 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்தது. அறுவை செய்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறவில்லை. அப்போது சிடி ஸ்கேன் கிடையாது, கட்டி எங்கே இருக்கிறது என்பதே பாதி ஊகம். பத்து ஆண்டு கழித்து, 1971 அக்டோபரில், உலகின் முதல் சிடி ஸ்கேன் ஒரு நோயாளியின் தலைக்கு எடுக்கப்பட்டது. அது நடந்த இடம், மெக்கிஸாக் நரம்பியல் அறுவைப் பிரிவை உருவாக்கிய அதே அட்கின்ஸன் மோர்லி மருத்துவமனை.

இனி குழப்பம் தீரும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். தீரவில்லை. 2005-ல் வெளியான ஸ்டிச் ஆய்வில் 27 நாடுகளைச் சேர்ந்த 1,033 நோயாளிகள் இருந்தார்கள். சீக்கிரமாக அறுவை செய்த பிரிவில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 26 சதவீதம், மருந்தோடு காத்திருந்த பிரிவில் 24. மேல்மட்டத்தில் இருக்கும் கட்டிகளை மட்டும் தேர்ந்தெடுத்து 601 பேரிடம் மறுபடி பார்த்தார்கள். 2013-ல் வந்த அந்த முடிவும் ஏறக்குறைய அதே கதைதான்.

காரணம் ஓரளவு ஊகிக்கக் கூடியது. வழக்கமான அறுவையில் மண்டையோட்டில் ஒரு பலகையை வெட்டித் திறந்து, ஆழத்தில் இருக்கும் கட்டியை அடைய நல்ல மூளையைப் பிளந்துகொண்டு போக வேண்டும். கட்டி போகிறது, போன பாதையும் போகிறது. கூடவே பல மணி நேர மயக்க மருந்து, ரத்த இழப்பு, வென்டிலேட்டர். ஏற்கெனவே பிபியும் சர்க்கரையும் உள்ள உடம்பு இத்தனையையும் தாங்க வேண்டும்.

சரி, பாதையைச் சின்னதாக்கினால்? 1978-ல் ஸ்வீடனில் பேக்லண்ட், வான் ஹோல்ஸ்ட் என்ற இருவர் மண்டையில் சிறு துளையிட்டு, உள்ளே திருகு பொருத்திய ஒரு மெல்லிய குழாயைக் கட்டிக்குள் செலுத்தினார்கள். உறைந்த ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடாது, கெட்டித் தயிர் மாதிரி உட்கார்ந்திருக்கும். வெறுமனே உறிஞ்சினால் வராது என்பதால்தான் அந்தத் திருகு. 1989-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆவர் குழு எண்டோஸ்கோப் வழியாக 100 பேரிடம் முயன்றது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் எண்டோஸ்கோப் பிரிவில் 42 சதவீதம், மற்றதில் 70. ஒரே ஊர், ஒரே குழு என்பதால் உலகம் அதை முழுதாக நம்பவில்லை.

சீனாவின் ஊசி

இந்த யோசனையை ஆராய்ச்சி மையங்களிலிருந்து சிறு ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு இழுத்துக்கொண்டு போனது சீனா. அங்கே ரத்தக்கொதிப்பால் வரும் கசிவு மிக அதிகம். மாவட்ட அளவிலான ஆஸ்பத்திரிகளில் சிடி ஸ்கேன் வந்துவிட்டது. மூளை அறுவைக்கான மைக்ராஸ்கோப்பும் அனுபவமுள்ள கையும் எல்லா இடத்திலும் இல்லை. 1990-களில் அங்கே உருவான ஒய்எல்-1 என்ற ஊசி இந்த இடைவெளிக்காகவே செய்தது போல இருக்கும். தடிமன் 3 மில்லிமீட்டர்தான். துளையிடும் முனையும் உள்ளே போகும் குழாயும் ஒன்றாகவே இருக்கும். ஒரு நோயாளிக்கு ஒன்று, அப்புறம் தூக்கி எறிய வேண்டியதுதான்.

செய்முறை இதுதான். நோயாளியின் தலைத்தோலில் ஒரு அடையாளத்தை ஒட்டி சிடி எடுக்கிறார்கள். இந்த வகை முறைகளில் ஈசிஜி எடுக்க மார்பில் ஒட்டும் பொத்தானையே அடையாளமாகப் பயன்படுத்துவதும் உண்டு. படத்தில் அந்த அடையாளத்திலிருந்து கட்டியின் நடுப்பகுதி எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளக்கிறார்கள். அதற்கேற்ற நீளத்தில் ஊசியைத் தேர்ந்தெடுத்து, தோலை மரத்துப்போகச் செய்து, மின் துளைப்பானில் பொருத்தி, தோல், எலும்பு, மூளை உறை மூன்றையும் ஒரே போக்கில் கடக்கிறார்கள். ஊசி எலும்பிலேயே இறுகி நிற்கும். உள் முனையை உருவிவிட்டு, பக்கவாட்டுக் குழாயில் ஒரு சிரிஞ்சைப் பொருத்தி மெதுவாக உறிஞ்சுகிறார்கள். முழுவதையும் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. அழுத்தம் சட்டென்று குறைந்தால் உடைந்த குழாய் திரும்பத் திறந்துகொள்ளும். ஒரு பகுதியை எடுத்த பின் சலைன் விட்டுக் கழுவி, உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் யூரோகைனேஸ் மருந்தைச் செலுத்தி, சில மணி நேரம் மூடிவைத்துத் திறந்துவிட, கரைந்தது தானாக வடிகிறது. சில நாட்கள் இதையே திரும்பத் திரும்பச் செய்து, மறுபடி சிடி பார்த்து, ஊசியை எடுத்துவிடுகிறார்கள். அறுவை அரங்கு கட்டாயமில்லை, படுக்கை ஓரத்திலேயே முடியும்.

கரைக்கும் மருந்தும் செலவுக் கணக்கில் சேர வேண்டும். யூரோகைனேஸ் மனித சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பழைய மருந்து. அமெரிக்க ஆய்வுகளில் பயன்பட்ட ஆல்டெப்ளேஸ் மரபணுத் தொழில்நுட்பத்தில் தயாராவது. இதயத்துக்கும், குழாய் அடைத்து வரும் பக்கவாதத்துக்கும் தேவைப்படும் பெரிய அளவில்தான் குப்பி பெரும்பாலும் வருகிறது, மூளையின் ரத்தக்கட்டிக்கு ஒரு தடவைக்கு ஒரு மில்லிகிராம்தான் வேண்டும்.

இந்த ஊசியைச் சோதித்த முக்கிய ஆய்வு 2009-ல் வெளிவந்தது. சீனாவின் 42 மருத்துவமனைகள், 465 நோயாளிகள். பேசல் கேங்லியாவில் 25 முதல் 40 மில்லிலிட்டர் வரை கட்டி உள்ளவர்களை மட்டும் எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து மற்றவரைச் சார்ந்தே வாழ வேண்டிய நிலையில் இருந்தவர்கள், ஊசி போட்ட பிரிவில் 40.9 சதவீதம், போடாத பிரிவில் 63. பெரிய வித்தியாசம்தான். ஆனால் இறப்பு எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஊசி அதிகப் பேரைப் பிழைக்க வைக்கவில்லை, பிழைத்தவர்களை ஓரளவு நடக்க வைத்தது என்று அதை வாசிக்கலாம்.

மேற்கில் இது பெரிய அலையை எழுப்பவில்லை. அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு. ஒரே நாட்டில் நடந்தது, யாருக்கு என்ன சிகிச்சை என்பதை மறைத்துவைக்கவும் வழியில்லை. ஆனாலும், ஒரு மலிவான ஊசியைக் கண்டங்கள் தாண்டிச் சோதிக்க ஆகும் செலவை அந்த ஊசியின் லாபம் தராது என்பதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். விலையுயர்ந்த கருவிக்கு அதைச் செய்த நிறுவனமே ஆய்வுக்கும் பணம் கொடுக்கும். ஊசிக்கு யார் கொடுப்பார்கள்?

எவ்வளவு எடுத்தார்கள் என்பதல்ல, எவ்வளவு மிச்சம்

அமெரிக்க அரசின் நிதியில் இதே தத்துவத்தைச் சோதித்தது மிஸ்டி-3 ஆய்வு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஹேன்லி தலைமையில் 78 மருத்துவமனைகளில் 506 பேர். படத்தின் துணையோடு மென்மையான குழாயைச் செலுத்தி, ஆல்டெப்ளேஸ் கொடுத்து, ரத்தத்தை வடித்தார்கள். 2019-ல் வந்த முடிவு: ஓராண்டில் ஓரளவு நல்ல நிலையில் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 45 சதவீதம், மற்றதில் 41. புள்ளிவிவரப்படி இந்த வித்தியாசத்துக்கு மதிப்பில்லை. மறுபடியும் தோல்வி.

ஆனால் உள்ளே தோண்டிப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. கட்டியை 15 மில்லிலிட்டர் அல்லது அதற்கும் கீழே குறைத்தவர்களிடம் பலன் இருந்தது. அந்த இலக்கை எட்டியது ஏறக்குறைய 10-ல் 6 பேரிடம்தான், மிச்சம் நான்கு பேர் மொத்தக் கணக்கையும் கீழே இழுத்துவிட்டார்கள். இது பின்னால் போய்ப் பார்த்த பகுப்பாய்வு என்பதால் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எளிதாக வடிகிற கட்டி உள்ளவர்கள் எப்படியும் தேறக்கூடியவர்களாக இருந்திருக்கலாம். என்றாலும் அதற்கப்புறம் வந்த எல்லோரும் இந்த எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

அளவைக் கணக்கிட ஒரு சுலபமான வழி உண்டு. சிடி படத்தில் கட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, இரண்டால் வகுத்தால் மில்லிலிட்டர் கிடைக்கும். 5, 4, 3 என்றால் 30 மில்லி. இதற்கு மென்பொருள் வேண்டாம், படத்தின் ஓரத்தில் உள்ள அளவுகோலே போதும்.

2024 ஏப்ரலில் வெளியான என்ரிச் ஆய்வு முதன்முறையாகத் தெளிவான வெற்றியைக் காட்டியது. அமெரிக்காவின் 37 மையங்கள், 300 நோயாளிகள், 30 முதல் 80 மில்லி வரை கட்டி, 24 மணி நேரத்துக்குள் அறுவை. மூளையின் மடிப்புகளுக்கு இடையே உள்ள இயற்கையான இடைவெளி வழியாக விரல் அளவுக் குழாயை இறக்கி, நரம்பு இழைகளை வெட்டாமல் ஒதுக்கிக்கொண்டு கட்டியை அடைந்து, பெரிதாக்கிப் பார்த்தபடி எடுப்பது இந்த முறை. 30 நாளில் இறந்தவர்கள் 9.3 சதவீதம், மருந்துப் பிரிவில் 18. ஆறு மாதத்தில் செயல்திறனும் மேம்பட்டிருந்தது. ஆனால் பலன் முழுக்க மேல்மட்டக் கசிவு உள்ளவர்களிடமிருந்தே வந்தது. பேசல் கேங்லியா கசிவு உள்ளவர்களைச் சேர்ப்பதை ஆய்வின் நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள், அங்கே பலன் வரும் அறிகுறி இல்லை. ஆசியாவில் பிபியால் வரும் கசிவின் முக்கிய இடம் அதே ஆழம்தான் என்பதை யோசித்தால், அந்தச் செய்தியை அப்படியே இங்கே கொண்டாட முடியாது.

அந்தக் குழாய், படம் பார்த்து வழிகாட்டும் கணினி அமைப்பு, கட்டியை உறிஞ்சும் தனிக்கருவி எல்லாம் சேர்ந்தால் பெரிய முதலீடு. இதைச் சிறிய செலவில் செய்யும் முயற்சிகள் வேறு பக்கம் நடக்கின்றன. சாதாரண பிளாஸ்டிக் சிரிஞ்சின் முனையை வெட்டி, ஓரத்தை மழுக்கி, அதையே உள்ளே இறக்கும் குழாயாகப் பயன்படுத்தி ஆழமான கட்டிகளை எடுத்த அனுபவத்தை இந்திய நிபுணர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஒளி ஊடுருவும் பொருள் என்பதால் சுற்றியுள்ள மூளைத் திசு தெரியும். பல அளவுகளில் கிடைக்கும். கடையில் கிடைக்கும் விலைதான்.

கருவி உயர்ந்தால் பலனும் உயருமா என்பதற்கு சீனாவின் இன்னொரு ஆய்வு ஓரளவு வெளிச்சம் தருகிறது. 16 மையங்களில் 733 நோயாளிகள். எண்டோஸ்கோப், குறிபார்த்துக் குழாய் செலுத்தி உறிஞ்சுவது, சிறிய எலும்புத் திறப்பு என்று மூன்று முறைகளை நேருக்கு நேர் நிறுத்தினார்கள். ஆறு மாதத்தில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் முறையே 33.3, 32.7, 22.2 சதவீதம். முதல் இரண்டுக்கும் நடுவே வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். மண்டையைத் திறக்காததுதான் கணக்கில் வந்தது, எந்தக் கருவியால் திறக்காமல் இருந்தார்கள் என்பது அல்ல.

மலிவு எங்கே முடிகிறது

ஊசியின் பெரிய பலவீனம், அது குருடு. உடைந்த குழாயைப் பார்க்கவோ சுட்டு அடைக்கவோ முடியாது. உறிஞ்சும்போது மீண்டும் கசிவு தொடங்கினால், அவசரமாக மண்டையைத் திறக்கும் வசதி பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால்தான் சில மணி நேரம் பொறுத்து, இரண்டாவது சிடி எடுத்து, கட்டி வளர்வது நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகு போடுகிறார்கள். ரொம்பச் சீக்கிரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டனில் நடந்த ஒரு சிறு ஆய்வு உதாரணம். நான்கு மணி நேரத்துக்குள் மண்டையைத் திறந்து அறுவை செய்து பார்த்தார்கள். மீண்டும் கசிவு ஏற்பட்டதால் 11 நோயாளிகளோடு நிறுத்திவிட்டார்கள். தாமதித்தாலோ இரண்டாம் கட்ட விஷம் வேலையைத் தொடங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான நேரம் எது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை.

அப்புறம், கசிவுக்குக் காரணம் பிபிதானா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். இளம் வயது, வழக்கமில்லாத இடம் என்றால் குழாய் வீக்கமோ பின்னிய குழாய்க் கொத்தோ இருக்கலாம். அதற்குள் ஊசி இறங்கினால் விளைவு பயங்கரம். ஆகவே ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ தேவை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதை முறிக்கும் மருந்து தேவை. ஊசி உள்ளே இருக்கும் நாட்களில் தொற்று வராமல் பார்க்கும் நர்ஸ் தேவை. அதற்கப்புறம் மாதக்கணக்கில் பிசியோதெரபி. குடும்பத்தின் பணத்தை உண்மையில் கரைப்பது ஐசியு நாட்களும் வீட்டில் ஒருவர் வேலையை விட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டியதும்தான். ஊசி அந்த நாட்களைக் குறைத்தால் மட்டுமே அது மலிவான சிகிச்சை. கருவியின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று விளம்பரம் செய்வது பாதிக் கணக்கு.

யாருக்குத் தேவையில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. சிறிய கட்டி, நல்ல நினைவு உள்ளவர்களுக்கு மருந்தும் கண்காணிப்பும் போதும். மிக ஆழ்ந்த மயக்கத்தில் இருப்பவர்களுக்கு எந்த முறையும் பெரிதாக உதவுவதில்லை. 2022-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், 20 முதல் 30 மில்லிக்கு மேல் கட்டியும் நடுத்தர மயக்கமும் உள்ளவர்களுக்குச் சிறுதுளை அறுவை இறப்பைக் குறைக்க உதவலாம், செயல்திறன் மேம்படுமா என்பது நிச்சயமில்லை என்ற அளவில்தான் பேசியது. சிறுமூளைக் கசிவு மட்டும் தனிக்கணக்கு. அங்கே இடம் குறைவு, மூளைத்தண்டு பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய கட்டி என்றால் உடனே அறுவை என்பதில் அதிகத் தயக்கம் கிடையாது.

மலிவான சிறுதுளை அறுவை சந்தேகமே இல்லாமல் ஜெயித்த இடம் ஒன்று உண்டு என்றால், அது வயதானவர்களுக்கு மூளைக்கு மேலே மெல்லத் தேங்கும் பழைய ரத்தம். எப்போதோ லேசாக இடித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கே நினைவிருக்காது. சில வாரங்கள் கழித்துத் தள்ளாட்டம், மறதி, ஒரு கை பலவீனம். "வயசாயிடுச்சு" என்று வீட்டில் விட்டுவிடுவதும் உண்டு. இந்த ரத்தம் உறையாமல் எண்ணெய் மாதிரி கருத்து இருக்கும், ஓரிரு துளை போட்டால் வழிந்துவிடும். 2009-ல் கேம்பிரிட்ஜ் குழு 215 பேரிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சோதித்தது: துளை போட்ட பிறகு ஒரு மெல்லிய வடிகுழாயை இரண்டு நாள் விட்டுவைத்தால் என்ன ஆகும்? திரும்ப ரத்தம் சேர்வது 24 சதவீதத்திலிருந்து 9.3 ஆகக் குறைந்தது. ஆறு மாத இறப்பும் ஏறக்குறைய பாதியானது. ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான்.

மூளைக்குள் நடக்கும் கசிவுக்கும் இதே மாதிரி எளிமையான ஒன்று இருக்கிறது, அது அறுவையே அல்ல. 2023-ல் வெளியான இன்டராக்ட்-3 ஆய்வில் இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7,036 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒரு நாட்டைத் தவிர மற்றவை எல்லாம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகள். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மேல் பிபியை ஒரு மணி நேரத்துக்குள் 140-க்குக் கீழே இறக்குவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுப்படுத்துவது, ரத்தம் உறையாமைக்கான மருந்தை முறிப்பது ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாகச் செய்தார்கள். மோசமான விளைவுக்கான வாய்ப்பு 14 சதவீதம் குறைந்தது. எல்லாம் ஏற்கெனவே வார்டில் இருக்கும் மருந்துகள்.

எனவே ஊசி பற்றிக் கேட்கும் குடும்பம் டாக்டரிடம் வேறு சில கேள்விகளையும் கேட்கலாம். கட்டி எத்தனை மில்லி, ஆழத்திலா மேலேயா? இரண்டாவது சிடியில் வளர்ந்திருக்கிறதா? பிபி எத்தனை மணிக்கு 140-க்குக் கீழே வந்தது? இந்த ஆஸ்பத்திரியில் இதுவரை எத்தனை பேருக்கு இப்படிச் செய்திருக்கிறீர்கள், திரும்பக் கசிந்தால் இங்கேயே திறக்க முடியுமா? கடைசிக் கேள்விக்கு முடியாது என்று பதில் வந்தால், ஊசி எவ்வளவு மலிவானாலும் அதை அங்கே போடக்கூடாது.